மகளின் பொறியியல் படிப்பு: முதல் பட்டதாரி சான்று, உதவித்தொகை, கல்விக் கடன் – எதை முதலில் செய்வது?

லோடுவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 176. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யப் போகிறோம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி வாங்கியதில்லை. பணம் விஷயத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆளில்லை.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் திருப்பூரில் சொந்தமாக டாடா ஏஸ் வைத்து ஓட்டுகிறேன். மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங், மாதம் 11,000. பெரியவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்திருக்கிறான். மகள் ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள்.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்குக் கட்டணத்தில் கழிக்கும் முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா என்பதில்தான் குழப்பம். மாமனார் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்து பாதியில் நிறுத்திவிட்டார். தம்பி பி.காம். இதில் எது குறுக்கே வரும்?

வருமானச் சான்றில் 72,000 என்று போடச் சொல்கிறார் ஒருவர். அப்புறம், லாக்டவுன் சமயத்தில் வண்டி டியூ சில மாதம் நின்றது, பிறகு கட்டி முடித்துவிட்டேன். கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனால் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். பத்திரம் இல்லாவிட்டால் கடன் கிடையாதா?


இசேவை_அக்கா:
அண்ணா, நான் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். சான்றிதழ் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் பட்டதாரி சான்றுக்கு அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், இவ்வளவு பேரின் படிப்பையும் கேட்பார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் தம்பி பி.காம். படித்திருந்தாலும் பிரச்சினை இல்லை. டிப்ளமோ பட்டம் ஆகாது, அதனால் மகனாலும் தடையில்லை.

மாமனார் விஷயத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் எஸ்எஸ்எல்சி முடித்து ஆசிரியர் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தவர்கள். அது பட்டம் கிடையாது. ஆனால் சிலர் வேலையில் இருந்துகொண்டே பி.ஏ., பி.எட். முடித்து ஊக்க ஊதியம் வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கியிருந்தால் உங்கள் மகள் முதல் பட்டதாரி ஆக முடியாது. பணிப் பதிவேட்டில் எல்லாம் இருக்கும். அவரிடமே கேளுங்கள், விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது ஆசிரியர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அடுத்த கேள்வி அதுதான். பயிற்சிச் சான்றிதழின் நகலை முன்கூட்டியே இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

உங்கள் வீட்டு அக்கா பி.ஏ.வைப் பாதியில் நிறுத்தியது பட்டம் பெற்றதாகாது. யாராவது கேட்டால் சேர்ந்தேன், முடிக்கவில்லை என்று சொல்லட்டும். மறைக்க வேண்டியதில்லை.

72,000 என்று போடச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய ஏதோ ஒரு திட்டத்தின் வரம்பு அது, எல்லோரும் பழக்கத்தில் அதையே சொல்கிறார்கள். வீட்டு அக்காவின் சம்பளம் மட்டுமே வருடத்துக்கு 1,32,000 வருகிறது, அதுவும் சம்பளச் சீட்டோடு. நாளைக்கு வங்கியில் அந்தச் சீட்டையும் 72,000 என்ற சான்றையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். கல்விக் கடனுக்கான வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம். டீசல், டியூ, ரிப்பேர் போக உங்கள் கையில் நிற்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டு உண்மையான தொகையைச் சொல்லுங்கள். பொய் சொல்லி உங்களுக்குக் கூடுதலாக வரப்போவது ஒன்றுமில்லை.

விண்ணப்பக் கட்டணம் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), வட்டாட்சியர் அலுவலகம் என்று போய் வர நேரம் ஆகும். கலந்தாய்வுப் பதிவு முடியும் வாரத்தில் வந்து நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று இரண்டுக்கும் இன்றே போடுங்கள். சாதிச் சான்று டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.


நாலாம்_வருஷம்:
நான் மெக்கானிக்கல் கடைசி வருடம். அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா: பெயரும் இனிஷியலும். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக. உதவித்தொகை இணையதளம் மூன்றையும் மூன்று ஆளாகப் பார்த்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதை எல்லாம் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். கல்லூரி திறந்த பிறகு இதற்கு அலைய நேரம் இருக்காது.

இன்னொன்று வங்கிக் கணக்கு. தங்கச்சி பெயரில் தனிக் கணக்கு வேண்டும், அதில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம், அது போதாது. அரசு நேரடியாகப் போடும் பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஏற்றினீர்களோ அங்கேதான் பணம் போகும். என் வகுப்பில் ஒருவனுக்குப் பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன ஜீரோ பேலன்ஸ் கணக்கில் பணம் விழுந்துகொண்டிருந்தது. அவன் வரவில்லை வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.


லோடுவண்டி:
அக்காவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. மாமனாரிடம் கேட்டேன். எஸ்எஸ்எல்சியும் இடைநிலை ஆசிரியர் பயிற்சியும்தான். சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் முழுக் கட்டணமும் அரசே கட்டுகிறது என்கிறார்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா?


இசேவை_அக்கா:
கிடைக்காது அண்ணா. 7.5 ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளி அதில் வராது. ஆனால் புதுமைப் பெண் திட்டம் உண்டு. 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே வாங்கி வையுங்கள். மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கே இதற்கென்று பொறுப்பு ஆசிரியர் இருப்பார், அவர் வழியாகத்தான் பதிவு.


கோவை_பெற்றோர்:
எல்லோரும் சான்றிதழ் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 176-க்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது கஷ்டம். 25,000 ரூபாய் முதல் பட்டதாரி சலுகைக்காக ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவில் சேர்த்துவிட்டு நாலு வருடம் கழித்து வேலை இல்லாமல் நிற்பதற்கு, 10 லட்சம் கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் (கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் இடம்) நல்ல கல்லூரியில் சேர்க்கலாம். என் பையனை அப்படித்தான் சேர்த்தேன். கேம்பஸில் வேலை வாங்கிவிட்டான், கடனை அவனே கட்டுகிறான். படிப்புக்குச் செலவு செய்யப் பயப்படக் கூடாது.


கிளை_மேலாளர்_ஓய்வு:
நான் பொதுத்துறை வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கல்விக் கடன் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். கோவை நண்பருடைய மகன் நன்றாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் லோடுவண்டி அவர்கள் வீட்டுக்கு அந்த வழி சரிவராது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

வருடத்துக்கு 2.5 லட்சம் வீதம் 4 வருடத்தில் 10 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் தனி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் வாங்கிய பணத்துக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2. கூட்டினால் 3.5 லட்சம். ஆகத் தவணை தொடங்கும் நாளில் கடன் 13.5 லட்சம். 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 17,800. அதிகபட்சமான 15 வருடம் எடுத்துக்கொண்டாலும் சுமார் 14,500. முதல் வேலையில் 20,000 சம்பளம் வாங்கும் பிள்ளை இதைக் கட்டிவிட்டு எதைச் சாப்பிடுவது? தவிர, வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் வேண்டும். அவரிடம் பத்திரம் இல்லை.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். ஆக, கூடுதல் பணம் கட்டுவதோடு கிடைக்க வேண்டியதையும் விட்டுவிடுகிறோம்.

இப்போது மறுபக்கம். கலந்தாய்வில் இடம் வாங்கி, சலுகை, உதவித்தொகை எல்லாம் கழித்துவிட்டு, மீதிக் கட்டணம், விடுதி, பஸ், புத்தகம், லேப்டாப் என்று வருடம் 1 லட்சம் கடன் எடுத்தால், 4 லட்சம் அசல், 1.4 லட்சம் வட்டி. 10 வருடத் தவணை சுமார் 7,100. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து வட்டி மானியம் கிடைத்தால் அந்த 1.4 லட்சத்தை மத்திய அரசே கட்டிவிடும், தவணை சுமார் 5,300 ஆகிவிடும். சலுகையும் உதவித்தொகையும் முதலில், கடன் மிச்சத்துக்கு மட்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வட்டி மானியத்தில் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. தனியார் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ, சேரும் பிரிவுக்கு என்பிஏ (தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ இருக்க வேண்டும். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போதே இதைப் பாருங்கள். சேர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை. காரணமில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் போய்விடும்.


லோடுவண்டி:
சார், கணக்கைப் பேப்பரில் எழுதி வீட்டில் எல்லோரும் பார்த்தோம். //வீட்டுப் பத்திரம்// பற்றியும் வண்டி டியூ பற்றியும் சொல்லுங்கள்.


கிளை_மேலாளர்_ஓய்வு:
4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதன் கீழ் வரும் கடனுக்கும் பத்திரம் தேவையில்லை. கிளையில் வாய்மொழியாக எதுவும் பேசாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எண் கிடைக்கும், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டாலே பாதி இடங்களில் பேச்சு மாறிவிடும். எங்கள் எல்லைக்குள் உங்கள் வீடு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடாது. அதையும் மீறினால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். கலெக்டர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமிலும் மனு கொடுக்கலாம். அங்கே எல்லா வங்கிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்.

வண்டிக் கடனைக் கட்டி முடித்திருக்கிறீர்கள், நல்லது. நிலுவை இல்லை என்ற சான்றை நிதி நிறுவனத்தில் வாங்குங்கள். பிறகு நீங்கள் கடன்களைக் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முழுதாக முடிந்தது என்று இருக்கிறதா, பேசித் தீர்த்தது, அதாவது குறைத்துக் கட்டி முடித்தது (settled) என்று இருக்கிறதா? இரண்டாவது இருந்தால் வங்கி யோசிக்கும். முழுதாகக் கட்டியும் அப்படி இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். கடனில் மாணவியோடு பெற்றோரில் ஒருவர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும், அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மனைவிக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, பழைய கடன் எதுவும் இல்லையென்றால் அவரே கூட்டுக் கடன்தாரராக இருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் விண்ணப்பிக்கச் சொல்வேன்.


கோவை_பெற்றோர்:
சார் சொன்ன கணக்கை மறுக்கவில்லை. எனக்கு வீடு இருந்தது, அடமானம் வைத்தேன். அவருக்கு இல்லை என்பதால் வழி வேறுதான். ஆனால் பிரிவு, கல்லூரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. சலுகை கிடைக்கிறது என்பதற்காக மட்டும் தரமில்லாத கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தேர்ச்சி விகிதம் பார்த்து அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவி பெறும் கல்லூரிகளையும் பட்டியலில் மேலே போடுங்கள். அங்கே கட்டணமே குறைவு.


நாலாம்_வருஷம்:
//தரமில்லாத கல்லூரியை// இதில் கோவை சாருடன் நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். பெரிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. அரசுக் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) படித்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போன சீனியர்கள் எனக்கு நிறையப் பேர்.

பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை இருக்கிறது அண்ணா, வருடம் 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. தகுதிப் பட்டியல் போட்டுத்தான் தேர்வு செய்வார்கள், அதனால் உறுதி என்று நம்பி இருக்க வேண்டாம். முதல் வருடம் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது. எது அதிகம் என்று பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.


லோடுவண்டி:
வணக்கம். நான் மகள் எழுதுகிறேன், அப்பா லோடு எடுக்கப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் படித்தேன். அப்பா என்னிடம் பணம் பற்றிப் பேசவே மாட்டார், நீ படி மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். நேற்றுதான் முதல் முறை வீட்டு வரவு செலவை என் முன்னால் வைத்துப் பேசினார்கள். எனக்கு ஒரு கேள்வி. படித்து முடித்து உடனே வேலை கிடைக்காவிட்டால் கடனை அம்மா கட்ட வேண்டி வருமா?


கிளை_மேலாளர்_ஓய்வு:
நல்ல கேள்வி கேட்டாயம்மா. சட்டப்படி நீயும் அம்மாவும் இரண்டு பேருமே கடன்தாரர்கள். அதனால்தான் கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் வட்டி விகிதம், தவணை தொடங்கும் மாதம், மாதத் தொகை மூன்றையும் நீயே படித்துப் பார்க்க வேண்டும். தவணை தொடங்கும்போது வேலை இல்லையென்றால் வங்கியை விட்டு ஒதுங்கிப் போகாதே. முன்கூட்டியே போய் எழுதிக் கொடுத்தால் தவணைக் காலத்தை நீட்டுவது பற்றிப் பேசலாம். ஒன்றும் சொல்லாமல் மாதங்களைத் தள்ளினால்தான் கணக்கு வாராக்கடன் ஆகி, உன் பெயரும் அம்மா பெயரும் கெட்டுப்போகும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் பல வங்கிகளில் ஒரு சதவீதம் வட்டிச் சலுகை தருவார்கள். வட்டி மானியம் கிடைத்தால் உங்களுக்கு அது தேவைப்படாது. பெரியவன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான் என்றால், தேவையை விடக் குறைவாகக் கடன் எடுக்க அவன் உதவட்டும். மொத்தத் தொகைக்கு ஒப்புதல் வாங்கினாலும் ஒவ்வொரு வருடமும் வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை.


இசேவை_அக்கா:
பாப்பா, வீட்டில் கணக்கை உன் முன்னால் வைத்துப் பேசியது ரொம்ப நல்ல விஷயம். எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு அப்பாவின் வருமானம் எவ்வளவு என்றே தெரியாது, படிவத்தில் என்ன எழுதுவது என்று முழிப்பார்கள். ஒரு ஃபைல் போட்டு எல்லாச் சான்றும் அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம் என்று நீயே பராமரி. விண்ணப்ப எண், பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை. ஓடிபி எந்த மொபைலுக்கு வருகிறது என்பதும் முக்கியம். அப்பா வண்டி ஓட்டும்போது அவர் போனுக்கு ஓடிபி வந்தால் உன் வேலை நின்றுவிடும். கூடுமானவரை உன் எண்ணையோ அம்மா எண்ணையோ கொடு.


லோடுவண்டி:
சான்றிதழ் இரண்டும் வந்துவிட்டன. வருமானச் சான்றில் 2,28,000 என்று இருக்கிறது. விஏஓ வீட்டுக்கே வந்து மாமனாரின் பயிற்சிச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கலந்தாய்வுப் பதிவில் இரண்டையும் ஏற்றிவிட்டோம். கடனுக்கு மனைவி பெயரைப் போட முடிவு செய்திருக்கிறோம். இடம் கிடைத்ததும் வங்கிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் சார்?


கிளை_மேலாளர்_ஓய்வு:
இட ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் நான்கு வருடக் கட்டண விவரம், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றுகள், வருமானச் சான்று, மூவரின் ஆதார், பான், மனைவியின் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். மகளுக்குப் பான் கார்டு இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். கல்லூரிக் கட்டண விவரத்தில் கல்விக் கட்டணம், விடுதி, தேர்வு என்று தனித்தனியாகப் பிரித்து முத்திரையோடு வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகையாகத் தந்தால் முதல் பட்டதாரி சலுகையைக் கழித்தார்களா என்று உங்களுக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது. கழிக்காமல் வசூலித்தால் அங்கேயே கேளுங்கள், ரசீதை மட்டும் விடாதீர்கள்.